கமலக்கண்ணன் மாடியைக் காலி செய்த கதை

முத்தியால்பேட்டையில் கமலக்கண்ணனைத் தெரியாதவர்கள் இருக்கலாம், அவர் வீட்டு மொட்டை மாடியைத் தெரியாதவர்கள் கிடையாது. மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்ற மனிதர். கம்பெனியில் எதைத் தூக்கிப் போட்டாலும் இவர் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுவார். உடைந்த வாளி, பெயின்ட் டப்பா, டயர், கீறல் விட்ட வெஸ்டர்ன் டாய்லெட் ஒன்று. அட, அது எதுக்கய்யா என்று கேட்டால், "கெடக்கட்டும், ஒருநாள் ஒதவும்" என்பார். அந்த ஒருநாள் வந்தபாடில்லை. மனைவி நிர்மலாதேவி கத்திக் கத்தித் தொண்டை வற்றிப்போனாள். மாடிக்கு ஏறினால் எந்தப் பக்கமும் பார்க்காமல் கொடியில் துணியைப் போட்டுவிட்டு இறங்கிவிடுவாள்.

மழை பெய்தால் அத்தனையிலும் தண்ணீர் நிற்கும், கொசு வரும். கொசு இல்லாத வீடு எங்கே இருக்கிறது, போங்கள் என்பது அவர் கட்சி.

போன வருஷம் தலைதீபாவளிக்கு வந்த மகள் துர்காவுக்கு டெங்கு வந்தது. கோரிமேட்டு ஆஸ்பத்திரியில் அவளுக்கு ரத்தத் தட்டணு எண்ணிக்கை இறங்க இறங்க, இவர் வராண்டாவில் சோறு தண்ணி இல்லாமல் உட்கார்ந்திருந்தார். நல்லவேளை, பிழைத்து எழுந்தாள். அப்போதாவது மாடியைக் காலி செய்தாரா? ஊஹூம். பயம் தெளிந்ததும் மனிதர் பழையபடி ஆகிவிட்டார்.

இந்த வருஷம் துர்கா மாசமானாள். ஐப்பசியில் வளைகாப்பு. வளையல் அடுக்கிய கையோடு பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துப் போவதுதானே முறை? மாப்பிள்ளையின் அம்மா செல்வாம்பாள் பந்தியிலேயே சொல்லிவிட்டார்.

"அண்ணே, கோவிச்சுக்காதீங்க. பொண்ண அனுப்பமாட்டேன். போன வருசம் ஒரு உசுரு, இப்ப ரெண்டு. உங்க வூட்டு மாடிய வச்சிக்கிட்டு நான் எப்பிடி அனுப்புவேன்?"

நிர்மலாதேவி வீட்டுக்கு வந்து சண்டை போட்டிருந்தால் அவருக்குத் தேவலையாக இருந்திருக்கும். அவளோ பிள்ளைக்கென்று துவைத்துக் கிழித்து வைத்திருந்த பழைய வேட்டித் துணிகளை எடுத்து பீரோவுக்குள் வைத்துப் பூட்டினாள். கமலக்கண்ணன் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

மறுநாள் காலை காயலான் கடை முருகையனுக்கு அவரே போன் போட்டார். முருகையன் வண்டியோடு வந்து மாடியைப் பார்த்து மிரண்டுபோனான்.

"அண்ணே, நீங்களாவா குடுக்கறீங்க? ஒடம்பு கிடம்பு சரியில்லியா?"

"பேசாம எடுத்துட்டுப் போயிடுப்பா. நான் மனசு மாறிடப்போறேன்" என்று சொல்லிவிட்டு அவர் சுவர்ப்பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

அதோடு விடவில்லை. தண்ணீர்த் தொட்டி மூடியின் இடுக்கை அடைத்தார். ஃபிரிட்ஜுக்குப் பின்னால் இருக்கும் தட்டைக் கழற்றிக் கழுவினார். பூந்தொட்டித் தட்டு, தண்ணீர் டிரம் எல்லாவற்றையும் தேங்காய் நார் போட்டு உள்பக்கம் வரட்டு வரட்டென்று தேய்த்தார். தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது, முட்டை சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும் என்று ஆஸ்பத்திரியில் நர்ஸ் சொன்னது இப்போதுதான் அவர் காதில் ஏறியது.

அப்படியும் கொசு போகவில்லை! பட்டப்பகலில், காலில் வெள்ளைப் பட்டை போட்ட அதே கொசு. "அடச் சனியனே, எங்கேருந்துடா வர்ற?" என்று மாடியில் நின்று கத்தினார். பக்கத்து வீட்டு ராஜவேலுவிடம் எகிறினார். அவன் கூட்டிக்கொண்டு போய்த் தன் மாடியைக் காட்டினான். துடைத்துவிட்டது மாதிரி இருந்தது. கமலக்கண்ணனுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

திரும்பி வந்தபோது நிர்மலாதேவி ஈரப்புடவையை உதறிக் கொடியில் வீசினாள். கொடி இழுத்த இழுப்பில் கம்பம் ஆடியது. கம்பத்தின் வாயிலிருந்து இரண்டு கொசு பறந்தது.

அந்தக் கம்பங்கள் அவர் கைவேலை. கம்பெனியில் கழித்துப்போட்ட இரும்புக் குழாய்கள்தான். அடியில் கான்கிரீட் போட்டு நிறுத்தியிருந்தார், வாய் வானத்தைப் பார்த்துத் திறந்து கிடந்தது. ஸ்டூல் போட்டு ஏறி போன் வெளிச்சத்தை உள்ளே அடித்தார். கழுத்துவரை மழைத்தண்ணீர், அதில் புழு நெளிந்துகொண்டிருந்தது. நாலு கம்பத்திலும் இதே கதை.

"நிர்மலா! குழாய் மூடி ஒரு சாக்கு நெறைய வச்சிருந்தனே, எங்க?"

"முருகையன் கொண்டுபோயிட்டான்."

சேர்த்து வைத்ததில் நிஜமாகவே உதவியிருக்க வேண்டியது அது ஒன்றுதான். வளைகாப்புக்குப் பிறகு நிர்மலாதேவி அன்றைக்குத்தான் சிரித்தாள். அவர் குழாய்களில் மணலைக் கொட்டி, மேலே சிமென்ட் பூசி அடைத்தார். கொஞ்சம் கொஞ்சமாகக் கொசு அற்றுப்போனது.

கார்த்திகை மழை ஓய்ந்த ஒரு மத்தியானம் செல்வாம்பாள் வந்தார். மாடி ஏறினார். டிரம்முக்குள் எட்டிப் பார்த்தார், ஃபிரிட்ஜ் தட்டை இழுத்துப் பார்த்தார். பிறகு கொல்லையில் நாற்காலியைப் போட்டு, கையைக் காலை நீட்டி உட்கார்ந்து, நிதானமாகக் காப்பி குடித்தார். கமலக்கண்ணன் தன் கையைப் பார்க்கவில்லை, சம்பந்தியம்மாவின் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு கொசு வந்து உட்கார்ந்தால் தீர்ந்தது.

உட்காரவில்லை. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு செல்வாம்பாள் போனை எடுத்து மகனை அழைத்தார்.

"கலைவாணா, அவள அழைச்சிட்டு வாடா."

கமலக்கண்ணனுக்கு ஒன்றும் புரியவில்லை.

"அடுத்த தெருவுல என் தங்கச்சி வூட்ல பையோட ஒக்காந்திருக்கா, அண்ணே. காலையிலேருந்து எனக்கும் ஒரே பயம், திருப்பி அழைச்சிட்டுப் போவும்படி ஆயிடுமோன்னு" என்றார் செல்வாம்பாள்.

அப்பாடா! நிர்மலாதேவி ஆரத்தி கரைக்க ஓடினாள். கமலக்கண்ணன் வாசல் கதவைத் திறந்து வைத்தார்.

துர்கா வந்தாள். உள்ளே வந்ததும் கொல்லைப் படி வழியாக மாடியை அண்ணாந்து பார்த்தாள். வெறும் வானம் தெரிந்தது.

"ஏம்ப்பா, எல்லாத்தையுமா குடுத்துட்டீங்க? அவ்ளோ ஆசையா சேத்து வச்சீங்களே!"

"அதெல்லாம் குப்பைம்மா" என்றார் கமலக்கண்ணன்.