என் மனுசனின் மூக்கு

என் மனுசனுக்கு மூக்கு இருக்கிறது, மணம்தான் தெரியாது. கொரோனாக் காய்ச்சல் போனபோது அதையும் கையோடு கூட்டிக்கொண்டு போய்விட்டது. வேலை செய்கிற ஹோட்டலில் உண்மையைச் சொல்லுங்கோ என்று நானும் தலைகீழாக நின்று பார்த்துவிட்டேன். கல்லில் நார் உரித்தாலும் உரிக்கலாம், இரத்தினசிங்கம் என்கிற இந்த மனுசனிடம் ஒரு "ஓம்" வாங்க ஏலாது.

கிளிவெட்டியில் வயல்காரர் வீட்டுப் பிள்ளை. வயலில் இறங்கிக் குனிந்து நிமிரப் பஞ்சிப்பட்டு, துறைமுகத்தைப் பார்த்தபடி இருக்கும் ஹோட்டலுக்குக் கிளாஸ் கழுவப் போனவர். கழுவுவதற்கு முன் ஒவ்வொரு கிளாஸையும் மணந்து பார்ப்பாராம். யாருக்கு வரும் இந்தப் புத்தி! மணந்து மணந்தே பாருக்குப் பொறுப்பாளராகிவிட்டார். வெள்ளைக்காரர் அவருடைய கண்ணைத் துவாயால் கட்டிவிட்டு விஸ்கியை ஊற்றிக் கொடுப்பார்கள். மூக்கருகே பிடித்து, நுனி நாக்கில் தொட்டு, துப்பிவிட்டு, ஸ்கொட்லாந்தில் எந்தப் பக்கத்துச் சரக்கு என்று சொல்லுவார். கைதட்டல் விழும். ஒரு சொட்டும் விழுங்கமாட்டார். ஊர் நம்புமா? "ரூபி, இண்டைக்கும் உன்ர மனுசன் வெறியோ?" என்று கேட்காத வாய் இந்த ஒழுங்கையில் இல்லை.

மணம் போன பிறகு ஊற்றுகிறவர் கையிலுள்ள போத்தலைத் துவாய்க்குக் கீழால் களவாகப் பார்த்துத்தான் காலத்தை ஓட்டினார். எத்தனை நாளைக்கு ஓடும்? முதலாளி மாடியில் விஸ்கிக்கென்றே தனி பார் திறக்கப் போகிறாராம். அதற்குப் பொறுப்பு இவரா, புதிதாக வந்த ரஜீவனா என்று ஒரு போட்டி. முப்பது வருசம் பீப்பாவில் கிடந்த விஸ்கியில் கொஞ்சத்தை, பெயர் ஒட்டாத சின்னப் போத்தல்களில் ஊற்றி ஆளுக்கொன்று கொடுத்து, "எங்க செய்தது எண்டு நாளைக்குச் சொல்லுங்கோ" என்று முதலாளி அனுப்பிவிட்டார். அந்தச் சனியன் நேரே என் குசினிக்குள் வந்தது.

"ரூபி, நீ மணந்து சொல்லு."

"நானோ? விளக்கு வைக்கிற நேரத்தில உங்களுக்கென்ன விசரோ?"

"எனக்கு நாக்கில எரிவும் இனிப்பும்தான் தெரியுது. இது பிழைச்சா என்னை ஸ்டோருக்குத் தள்ளிப்போடுவினம். பிறகு நான் ஆர்?"

கடைசிச் சொல்லில் அவருடைய குரல் உடைந்தது. எனக்கு ஆத்திரமும் அழுகையும் ஒன்றாக வந்தன. அடுப்பில் பிட்டு அவிந்துகொண்டிருந்தது. விறகை உள்ளே தள்ளிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு போத்தலை வாங்கினேன்.

"பழுத்த அன்னாசி மாதிரிக் கிடக்கு. கொஞ்சம் தேன். பழைய மரப்பெட்டியைத் திறந்தமாதிரியும் ஒரு மணம்."

"புகை? புகை மணக்குதோ? வடிவா மணந்து பார். புகை இருந்தா அது ஸ்கொட்லாந்துத் தீவில செய்தது, அங்க தானியத்தைப் புகை போட்டுத்தான் காயவைப்பினம். இல்லாட்டி மலைப்பக்கம்."

திரும்பவும் மணந்தேன். கண்ணை மூடிக்கொண்டும் மணந்து பார்த்தேன்.

"இல்ல. சத்தியமா இல்ல."

அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. அன்றைக்குப் பிட்டை இரண்டாந்தரமும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

அடுத்த நாள் விபூதி பூசிக்கொண்டு போனவர், மத்தியானச் சோறு வேக முதல் திரும்பி வந்துவிட்டார். கையில் ஸ்டோர்ப் பூட்டுகளின் திறப்புக் கோர்வை. அது தீவில் செய்த விஸ்கியாம். மூடியைத் திறந்தவுடனேயே புகை முகத்தில் அடித்ததென்று ரஜீவன் சொல்லிவிட்டானாம். இரத்தினசிங்கத்தாருக்கு இதுகூடத் தெரியவில்லையா என்று வெயிட்டர்கள் வரை சிரித்தார்களாம். செருப்பையும் கழற்றாமல் குசினிக்குள் வந்து நின்று கத்தினார்.

"புகை இருக்கோ எண்டு திருப்பித் திருப்பிக் கேட்டனே! இல்லையெண்டு சத்தியம் பண்ணினியே!"

எனக்கும் பத்திக்கொண்டு வந்தது. ஊதுகுழலோடு எழும்பினேன்.

"எனக்கெங்க அது மணக்கும்? கலியாணம் முடிச்சு வந்த நாளிலயிருந்து இதுக்குள்ளதான் நிக்கிறன். சீலையில புகை, தலையில புகை, நெஞ்சுக்குள்ள புகை. அதைத் தனியப் பிரிச்சு மணக்க ஏலுமோ? ஊருலகத்துப் போத்தலெல்லாம் மணந்து சொன்னனீங்கள். வீட்டில ஒருத்தி எதுக்குள்ள நிக்கிறாள் எண்டு ஒருநாளாவது மணந்து பாத்தனீங்களோ?"

மனுசன் செருப்பைக் கழற்றி வெளியே வைத்துவிட்டு வந்து அடுப்படியில் குந்தினார். என் கையிலிருந்த ஊதுகுழலை வாங்கி ஊதினார். ஈரவிறகு. புகை கிளம்பி அவர் முகத்தை மூடியது. இருமி, கண்ணைக் கசக்கிக்கொண்டு, அதற்குள்ளேயே மூச்சை இழுத்து இழுத்துப் பார்த்தார்.

"எனக்கு ஒண்டும் தெரியேல்ல, ரூபி," என்றார்.

"எனக்கும்தான்," என்றேன்.