நாலாம் நம்பர் வாசனை

அப்பாவும் நானும் சேர்ந்து கடைசியாகச் செய்த வேலை, அவர் புகைபிடிக்கும் பைப்பைச் சுத்தம் செய்தது. ஞாயிற்றுக்கிழமை மதியம், பால்கனியில் பழைய செய்தித்தாளை விரித்து உட்கார்ந்திருந்தோம். புகையிலை அடைக்கும் கிண்ணத்தை அவர் பிடித்துக்கொண்டார். நான் பஞ்சு சுற்றிய கம்பியைத் தண்டுக்குள் விட்டு இழுத்தேன். கறுப்பாக வந்தது. மறுபடி விட்டேன். பழுப்பாக வந்தது.

"இன்னொரு தடவை விடு, இன்ஜினியர். போன வாரத்துச் செர்ரி வாசனை இன்னும் உள்ள சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கு."

"செர்ரி இல்லப்பா. இது ரம்."

"ரெண்டு பேரும்தான் இருக்காங்க. காலி பண்ணு."

தொழிற்சாலைகளில் இருக்கும் அளவுக்கருவிகள் சரியாகக் காட்டுகின்றனவா என்று சோதிப்பது என் வேலை. ஒரே சோதனை இரண்டாம் முறை வேறு விடை தந்தால், முதலில் கருவியைத் துடைக்க வேண்டும். அன்று கருவி, பைப். விடை சொல்ல வேண்டியவள், அம்மா.

அப்பா லிப்ட் மெக்கானிக். கூட வேலை செய்தவர்கள் அவருக்கு வைத்த பெயர் 'மேலகீழ'. கிரீஸ் இருக்கும் இடத்தில் தீ கூடாது. அதனால் பகல் முழுக்கப் பற்றவைக்காத பைப்பைக் கவ்விக்கொண்டுதான் பழுது பார்ப்பார். பற்றவைப்பது சாயங்காலம் ஒரே ஒரு முறை. அதையும் அம்மா பால்கனிக்குத் தள்ளியிருந்தாள். அவள் உள்ளே ரேடியோ கேட்பாள். அவர் கண்ணாடிக் கதவுக்கு வெளியே புகைப்பார். மழை பெய்தால் குடை பிடித்துக்கொண்டு புகைப்பார். நல்ல பாட்டு வந்தால் அம்மா ஒலியைக் கொஞ்சம் கூட்டுவாள். அவ்வளவுதான் சலுகை.

"ஊரையே மேல ஏத்தி விடறேன். என் வீட்டு வாசப்படியைத் தாண்ட முடியல," என்றார் ஒருநாள் சாப்பிடும்போது.

"எனக்குப் பிடிச்ச வாசனையா ஒண்ணு கொண்டு வாங்க. நானே கதவைத் திறக்கிறேன்."

அம்மா பேச்சுவாக்கில் சொன்னது. அப்பாவுக்கு அது உடும்புப்பிடி. அவர் வேறொன்றும் கேட்கவில்லை. அம்மாவின் நாற்காலிக்குப் பக்கத்து நாற்காலி வேண்டும், கையில் பைப்போடு.

கடைத்தெருவில் சாவி வெட்டுகிறவருக்கு அடுத்த கடையில் பைப் புகையிலையைக் கண்ணாடி ஜாடிகளில் வைத்திருப்பார்கள். வாசனை லேசாகச் சேர்த்த கலவைகளாகப் பார்த்து, ஜாடிக்கு ஒரு சிட்டிகை வாங்கிவந்தார்.

"தூக்கலா இருந்தா ஜட்ஜம்மா முதல் வாய்தாவிலேயே தள்ளுபடி பண்ணிடுவா."

இந்தப் புகையிலையில் ஒரு விசித்திரம் உண்டு. சேர்த்த வாசனை, புகைக்கிறவர் நாக்குக்கு அதிகம் தெரியாது. பக்கத்தில் இருப்பவர் மூக்குக்குத்தான் போகும். ஆகவே ருசி பார்க்க இரண்டு பேர் வேண்டும். அப்பா நாக்கு, அம்மா மூக்கு. கதவை ஒரு சாண் திறந்துவைத்து, நடுவில் நான் நின்று நம்பர் மட்டும் சொல்வேன்.

ஒன்று, வெனிலா. "மெத்துன்னு இருக்கு. பால் மாதிரி," என்றார் அப்பா.

"பேக்கரி தீப்பிடிச்ச மாதிரி இருக்கு," என்றாள் அம்மா.

இரண்டு, செர்ரி. அவருக்கு லேசான புளிப்பு, அவளுக்கு இருமல் மருந்து. மூன்றாவதாக ரம் பற்றியதும் அம்மா தலையை நிமிர்த்தி, "உங்க அண்ணன் வந்திருக்காரா?" என்று கேட்டாள். அப்பாவுக்குச் சிரிப்பில் புரையேறி பைப் அணைந்தது.

நாலாம் நம்பரில் மேப்பிள் மரத்தின் இனிப்புச் சாறு தெளித்திருந்தது. தெளித்ததே தெரியாது என்று கடைக்காரர் சொல்லித்தான் கொடுத்தார்.

"வெறும் இலை மாதிரிதான் இருக்கு," என்றார் அப்பா. "கடைசியில ஒரு சின்னக் கசப்பு."

உள்ளே ரேடியோவின் ஒலி குறைந்தது. அம்மா எழுந்து கதவருகே வந்தாள்.

"இது என்னது?"

பேசினால் கலைந்துவிடும் என்பதுபோல அப்பா பைப்பை வாயிலிருந்து எடுக்கவே இல்லை.

"இது பரவாயில்லையே."

பரவாயில்லை என்பது அம்மாவின் அகராதியில் தங்கப்பதக்கம். மறுநாள் அப்பா கடைக்கு ஓடி, நாலாம் நம்பரில் இன்னொரு சிறிய பொட்டலம் வாங்கிவந்தார். பற்றவைத்தார். அம்மா முகர்ந்தாள்.

"இது அது இல்ல."

"அதேதான்."

"என் மூக்குக்கே பாடம் எடுக்காதீங்க."

அதே ஜாடிதான் என்று கடைக்காரர் சத்தியம் செய்தார். அப்பா சோர்ந்துபோகவில்லை. சத்தம் இருந்தால் காரணம் இருக்கும் என்பது லிப்ட்காரர் மதம். காற்றின் திசையைப் பார்த்தோம். இலையை உலர்த்திப் பார்த்தோம், ஈரமாக்கிப் பார்த்தோம். ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வந்து பைப்பில் நின்றோம். அதனால்தான் அந்த ஞாயிற்றுக்கிழமைச் சுத்தம்.

கடைசியில் கம்பி வெள்ளையாக வெளியே வந்தது. தண்டு உலர்ந்ததும் பொட்டலத்தில் மிச்சமிருந்த இலையை அடைத்தார்.

"இல்ல," என்றாள் அம்மா. சமையலறைக்குப் போய்விட்டாள். அங்கிருந்து குரல் வந்தது.

"என் சின்ன காபித்தூள் டப்பா எங்கேங்க? எடுத்ததை எடுத்த இடத்துல வைக்கிற பழக்கமே இந்த வீட்ல கிடையாதா?"

அப்பா என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன்.

முதல் நாலாம் நம்பர் பொட்டலம் வரும் வழியிலேயே கிழிந்துவிட்டது. வீட்டுக்கு வந்ததும் கைக்கு அகப்பட்ட காலி டப்பாவில் கொட்டிவைத்தார். கழுவவில்லை. தட்டிவிட்டார், அவ்வளவுதான். டப்பா பூந்தொட்டிக்குப் பின்னால் இருந்தது. திறந்து முகர்ந்தார். என்னிடம் நீட்டினார். இலையில் காபி ஏறியிருந்தது. அடியில் இன்னும் ஒரு தடவைக்கு இருந்தது.

"என்னைக் கொஞ்சம் பிடிச்சுக்கோ, இன்ஜினியர். சந்தோஷத்துல குதிச்சுடப் போறேன், பால்கனியில இருக்கோம்."

பைப்பை அவசரமாக அடைத்தார். இரண்டு தீக்குச்சி உடைந்தது. மூன்றாவதை நான் கிழித்தேன். புகை கதவிடுக்கு வழியாக உள்ளே போனது. கரண்டியும் கையுமாக அம்மா வந்தாள்.

"இதுதான்."

பிறகு டப்பாவைப் பார்த்தாள். "என் டப்பாவைத் திருடி என்கிட்டயே வித்திருக்கீங்க."

"திருட்டு கேஸ் அப்புறம். முதல்ல இந்தக் கேஸுக்குத் தீர்ப்பு சொல்லு, ஜட்ஜம்மா."

"உள்ள வாங்க. கதவைச் சாத்துங்க, சாரல் அடிக்குது."

அப்பா உள்ளே வந்தார். நடுவீட்டில், தன் நாற்காலியில், வேட்டியைச் சரிசெய்துகொண்டு புதுமாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்தார். அம்மா கண்ணை மூடி ரேடியோ கேட்டாள். நடுவில் ஒருமுறை மூச்சை நன்றாக உள்ளே இழுத்தாள். அப்பா அதைப் பார்த்துவிட்டு, நானும் பார்த்தேனா என்று என்னைப் பார்த்தார்.

காலையில் கருவிப்பையைத் தோளில் மாட்டியபடி சொன்னார். "சாயங்காலம் நாலாம் நம்பர்ல பெரிய பொட்டலமா வாங்கி இந்த டப்பாவில அடைச்சுடறேன்."

"அப்போ எனக்கு வேற டப்பா வாங்கிட்டு வாங்க. மூடி இறுக்கமா இருக்கணும்."

"உத்தரவு."

மதியம் ஓர் அலுவலகக் கட்டடத்தில் வேலையை முடித்துப் பையை மூடியவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். எழவில்லை. மருத்துவர் பைப்பைக் குற்றம் சொல்லவும் இல்லை, விடுதலை செய்யவும் இல்லை. அந்த லிப்ட் இப்போது நன்றாக ஓடுகிறதாம்.

காபித்தூள் இன்னும் கடைப் பொட்டலத்திலேயே இருக்கிறது, வாயில் துணி கிளிப் போட்டு. நமுத்துப்போகிறதே, நான் ஒரு டப்பா வாங்கி வரட்டுமா என்று நேற்று கேட்டேன்.

"அப்பாகிட்ட சொல்லியிருக்கேன்," என்றாள் அம்மா.