யார் மகள் என்று தேடிய சாராள் அம்மாள்

சென்ற மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, தங்கச் சுரங்கத்து டைம் ஆபீஸ் ஜன்னலில் உட்கார்ந்து பிற்பகல் ஷிப்டு ஆட்களுக்கு எண் பொறித்த வில்லை கொடுத்துக்கொண்டிருந்தபோது தந்தி வந்தது. தந்திச் சேவகன் வரிசையில் நின்றவர்களை இடித்துக்கொண்டு வந்து ஜன்னல் வழியே என் கையில் காகிதத்தைத் திணித்தான். ஆரணியிலிருந்து வந்திருந்தது. எங்கள் மாரிகுப்பம் மிஷன் பள்ளிக்கூடத்து உபாத்தியாயினி சாராள் அம்மாள் அங்கே வாந்திபேதியில் காலமானார் என்ற செய்தி. மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு மறுபடி வேலையைப் பார்த்தேன். ஏழு பேருக்கு எண் மாற்றிக் கொடுத்திருக்கிறேன். "ரைட்டரே, இது என்னுது இல்லீங்க" என்று ஒருவர் வில்லையைத் திருப்பி நீட்டியபோதுதான் எனக்கு அது தெரிந்தது.

அவரைப் பற்றி நாலு பக்கம் எழுதித் தரும்படி பள்ளிக்கூடத்தார் கேட்டார்கள். அவரைச் சிறு பிள்ளையாகப் பார்த்தவர்களில் மாரிகுப்பத்தில் மிஞ்சியிருப்பவன் நான் ஒருவன்தான். சாந்தமானவர், பொறுமையானவர் என்று இரண்டு வரி சேர்க்க வேண்டுமாம். அட கடவுளே, யாரைச் சொல்கிறார்கள்! அந்த அம்மாள் பாடம் நடத்தும்போது ஒரு இடத்தில் நின்றதில்லை. கோயிலில் பிரசங்கம் நீண்டால் எழுந்து வெளியே போய் வேலியோரம் நடந்துவிட்டு வருவார். எங்கள் வீட்டுக்கு வந்தால் என் வீட்டுக்காரி கொடுக்கும் காப்பியை வாசற்படியில் நின்றபடியே குடித்துவிட்டுக் கிளம்புவார். பொறுமை அவருக்கும் இல்லை, எனக்கும் இல்லை. அதனால்தான் எங்களுக்குள் ஒத்துப்போயிற்று.

முதலிலிருந்து சொல்கிறேன். மாரிகுப்பத்துக்கு ரயில் வருவதற்கு முன்பு, வட ஆற்காட்டு ஜனங்கள் பௌரிங்பேட்டையில் இறங்கிக் கால்நடையாக இங்கே வந்த காலம் அது. அப்படி வந்த குடும்பங்களில் ஒன்று சாராள் அம்மாளுடையது. தாயார் வந்த வருஷமே காய்ச்சலில் போய்விட்டார். குழந்தைக்கு ஐந்து வயது இருக்கும்போது, பூமிக்கடியில் பாறை சரிந்து தகப்பனாரும் போய்விட்டார். சுரங்கத்துக்குள் ஆட்களை ஏற்றி இறக்கும் கேஜில் உடலை மேலே கொண்டுவந்தார்கள். இடுப்பில் இருந்த வில்லையின் எண்ணைப் பார்த்து, புத்தகத்தைப் புரட்டி, இறந்தவர் பெயர் 'செங்காட்டான் முனிசாமி' என்று எழுதியவன் நான். அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது.

அநாதைப் பிள்ளையை மிஷன் எடுத்து வளர்த்தது. முனிசாமி என்ற பெயர் எங்கள் புத்தகத்தில் இருபது பேருக்காவது இருந்ததால், அடையாளத்துக்காக வீட்டுப் பெயரையோ ஊர்ப் பெயரையோ முன்னால் சேர்த்து எழுதுவது வழக்கம். வெள்ளைக்காரப் பாதிரியார் அதைக் குடும்பப் பெயர் என்று எடுத்துக்கொண்டு, ஞானஸ்நானப் புத்தகத்தில் 'சாராள் செங்காட்டான்' என்று பதிந்துவிட்டார். குழந்தைக்குத் தகப்பன் பெயர் தெரியாதா என்று கேட்பீர்கள். அந்தக் குழந்தைக்கு அவர் நைனா. அதற்கு மேல் ஐந்து வயதில் என்ன தெரியும்?

நன்றாகப் படித்தார். அந்தப் பள்ளிக்கூடத்திலேயே உபாத்தியாயினி ஆனார். தங்க வயலுக்கு மின்சார விளக்கு வந்த வருஷம், ரயில்வேயில் வேலையாயிருந்த ஒரு நல்ல பையனின் வீட்டார் பெண் பார்க்க வந்தார்கள். பெரியவர் என்ற முறையில் நானும் போயிருந்தேன். பையனின் தாயார் சாதாரணமாகத்தான் கேட்டார்: "செங்காட்டான்னு கீதே, அது எந்த ஊரும்மா? உங்க ஜனங்க யாரு?" சாராள் அம்மாளுக்கு அது தெரியாது. பையனின் தாயார் ஒன்றும் தப்பாக நினைக்கவில்லை, மேலே பேசிக்கொண்டே போனார். இவர்தான் எழுந்து உள்ளே போய்விட்டார்.

மறுநாள் டைம் ஆபீஸ் ஜன்னலுக்கு வந்தார். "ரைட்டர் ஐயா, நான் யாரோட பொண்ணுன்னு தெரியாம யாருக்குப் பொண்டாட்டி ஆவறது? எங்க நைனா ஊர் எது, அவரோட ஜனங்க யாருன்னு தெரியட்டும். அப்புறம் கல்யாணம்" என்றார். பையன் ஒரு வருஷம் காத்திருந்தான். பிறகு வேறு இடத்தில் கட்டிக்கொண்டான். "போகட்டுங்க, நல்லா இருக்கட்டும்" என்று இவர் சொன்னார். என் வீட்டுக்காரிதான் இரண்டு நாள் சாப்பிடவில்லை.

அன்றிலிருந்து தேடல்தான். ஆள் கட்டும் மேஸ்திரிகள் புது ஆட்களைக் கூட்டிக்கொண்டு சனிக்கிழமை வண்டியில் வருவார்கள். மூட்டை முடிச்சோடு இறங்கும் அவர்களுக்காக மாரிகுப்பம் ஸ்டேஷனில் வெயிலில் குடையோடு நிற்பார் சாராள் அம்மாள். "செங்காட்டான்னு ஒரு குடும்பம் தெரியுமா?" ஒவ்வொருவரிடமும் அதே கேள்வி. "டீச்சரம்மாவுக்கு கிறுக்குப் புடிச்சிகிச்சி" என்று மேஸ்திரிகள் சிரிப்பார்கள். எனக்குக் கோபம் வரும், அவர்கள் மேல் மட்டுமல்ல.

இங்கே ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். அந்தக் காலத்தில் பூமிக்கடியில் இறங்கப் பயந்து ஓடிப்போகிறவர்கள் ஏராளம். வில்லையை ஜன்னலில் போட்டுவிட்டு, ஒரு வார்த்தை சொல்லாமல் ஊருக்கு நடந்துவிடுவார்கள். ஓடிவிட்டான் என்று எழுதினால் துரை கத்துவார். ஆகவே, அன்றைக்குப் புதிதாக வந்து நிற்கிற ஆளிடம் அந்த வில்லையைக் கொடுத்து இறக்கிவிடுவோம். எண்ணும் பழைய எண், பெயரும் பழைய பெயர். வில்லைக்கு ஒரு ஆள் நின்றால் போதும், யார் நின்றால் என்ன? ஆள் வாங்கிய சம்பளமும் அந்தப் பெயரில்தான், குடியிருப்பு லைனில் கூப்பிட்டதும் அந்தப் பெயரில்தான். சாராள் அம்மாளின் தகப்பனாரும் அப்படி வந்தவராக இருக்கலாம் என்று எனக்குத் தோன்றாமல் இல்லை. சொல்லவில்லை. பிறகு துரை அதைக் கடுமையாகத் தடுத்துவிட்டார்; பழசு வெளியே வந்தால் வேலை போய்விடும், அப்போது நான் தலைமை ரைட்டர், எனக்கு மூன்று பெண்கள். நாலு வருஷம் அவரை அந்த ஸ்டேஷன் வெயிலில் நிற்க விட்டேன்.

நாலாவது வருஷம் ஒரு புது ஆள், "செங்காட்டான் வூடுன்னு எங்க பக்கத்து ஊர்ல கீதும்மா" என்றார். குடியாத்தத்துக்குத் தெற்கே. கிறிஸ்துமஸ் விடுமுறையில், பள்ளிக்கூடத்து ஆயாவைத் துணைக்கு அழைத்துக்கொண்டு சாராள் அம்மாள் கிளம்பினார். புதுப்புடவை, கையில் பழக்கூடை. பெரியப்பன், அத்தை என்று யார் யார் இருப்பார்களோ என்று ரயில் கிளம்பும்வரை பேசிக்கொண்டே இருந்தார்.

அங்கே நடந்ததைப் பிறகு அவரே எனக்கு நடித்துக் காட்டினார். செங்காட்டான் வீட்டு வாசலில் ஐம்பது வயதுக்காரர் ஒருவர் மாட்டுக்குத் தீனி வைத்துக்கொண்டிருந்தாராம். "தங்க வயல்ல செத்துப்போன முனிசாமியோட பொண்ணு நானு" என்று இவர் சொல்ல, அவர் அப்படியே நின்றுவிட்டாராம்.

"நாந்தாம்மா முனிசாமி. உசிரோட கீறேனே!"

"சுரங்கத்துல வேல செஞ்ச முனிசாமி..."

"அதுவும் நாந்தான். மூணு மாசம் செஞ்சேன். ஒரு நாளு கேஜு நடுவுல நின்னுகிச்சி. மேல வந்ததும் வில்லைய ஜன்னல்ல வுட்டுட்டு ஓடியாந்துட்டேன். அப்பறம் அந்தப் பக்கம் தலவெச்சிக்கூட படுக்கல."

இவர் பாறை சரிந்த கதையைச் சொல்லியிருக்கிறார். அந்த மனுஷர் தலையில் கை வைத்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டாராம். "அப்போ எனக்கு வந்த சாவ இல்ல உங்க நைனா வாங்கிக்கினாரு? ஐயோ தாயீ!" என்று அழுதாராம். விடாமல் இரண்டு நாள் தங்கவைத்துச் சோறு போட்டு, ஒரு மூட்டை வேர்க்கடலையும் கட்டிக் கொடுத்து அனுப்பினார்.

வண்டி இறங்கியவர் நேரே என் ஜன்னலுக்குத்தான் வந்தார். மூட்டையைக் கீழே வைத்தார். அழவில்லை.

"ரைட்டர் ஐயா, அப்ப இந்த ஜன்னல்ல உக்காந்திருந்தது யாரு?"

"நான்தாம்மா."

"எங்க நைனா கையில வில்லையக் குடுத்தீங்களே, உன் பேர் இன்னான்னு கேட்டீங்களா?"

"கேக்கலைம்மா."

"ஒரு வார்த்தைகூடவா?"

"பின்னால அறுபது பேர் நின்னுகிட்டிருந்தாங்கம்மா. கேக்கலை."

திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருக்கலாம். "முகமாவது ஞாபகம் கீதா? குரல்? இன்னா வேணாலும் சொல்லுங்க ஐயா, ஒண்ணே ஒண்ணு" என்று கம்பியைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினார். எனக்கு ஒன்றுமே ஞாபகமில்லை. எத்தனையோ முகம், எத்தனையோ கை. ஆனால் சாராள் அம்மாள் முகத்தைப் பார்த்து இல்லை என்று சொல்ல எனக்கு நெஞ்சில் தெம்பு இல்லை. "ஆரணிப் பக்கம்னு சொன்ன மாதிரி ஞாபகம். நெத்தியில ஒரு வெட்டுத் தழும்பு இருந்ததும்மா" என்றேன். இரண்டும் பொய். வாயில் வந்ததைச் சொன்னேன். அந்த ஆறுதலோடு வீட்டுக்குப் போய் ஓய்ந்துவிடுவார் என்று நினைத்தேன். இத்தனை வருஷம் பழகியும் அவரை எனக்குத் தெரியவில்லை, பாருங்கள்.

ஒவ்வொரு விடுமுறைக்கும் ஆரணிக்குப் போனார். கடைசியாகப் போனது அந்தத் தந்தி வருவதற்குச் சில வாரம் முன்பு. ஊர் ஊராக வண்டியிலும் கால்நடையாகவும் திரிந்தார். "வாந்திபேதி பரவுதாம், இந்தத் தடவ வேணாம்மா" என்று என் வீட்டுக்காரி சொன்னாள். நானும் சொன்னேன். அது பொய்யம்மா, போகாதீர்கள் என்பதுதான் நான் சொல்லியிருக்க வேண்டிய வார்த்தை. அதைச் சொல்லாமல் மற்றதையெல்லாம் சொன்னேன். பத்து நாளில் ஒரு கார்டு வந்தது. 'ரைட்டர் ஐயா, கிடைத்துவிட்டார்கள். எனக்கு ஒரு சித்தப்பா இருக்கிறார், பெயர் ஏழுமலை. நீங்கள் சொன்ன ஒரு வார்த்தையால் இது நடந்தது. உங்களுக்கு எப்படி நன்றி சொல்வேன்.' கார்டைத் திருப்பித் திருப்பிப் படித்தேன். அடுத்து வந்ததுதான் அந்தத் தந்தி.

தந்திக்குப் பின்னால் ஒரு கடிதம். ஏழுமலை சொல்ல, ஊர் வாத்தியார் எழுதியது. எங்கள் அண்ணன் காத்தவராயன் பெண்டாட்டியோடும் கைக்குழந்தையோடும் தங்க வயலுக்குப் போனவர், திரும்பவில்லை. சாராள் பிள்ளையை எங்கள் நிலத்திலேயே அடக்கம் செய்தோம். கல்லறைக்குக் கல் வெட்டுகிறவர் வந்திருக்கிறார். சுரங்கத்தில் இறந்தவர் எங்கள் அண்ணன்தானா என்று ஜன்னலில் இருந்த நீங்கள் ஒரு வார்த்தை எழுதினால், தகப்பன் பெயராக அவர் பெயரைப் போட்டுவிடுவோம் என்று எழுதியிருந்தார்.

ஆம் என்று எழுதிக் கிழித்தேன். தெரியாது என்று எழுதிக் கிழித்தேன். அப்புறம் லீவு கேட்டு நானே கிளம்பினேன். பன்னிரண்டு மணி வெயிலில், ஏர் ஓட்டாத ஒரு கொல்லையில், புது மண் மேட்டின் பக்கத்தில் நின்று ஏழுமலையிடம் முழுதும் சொன்னேன். பெயர் கேட்காதது, ஆரணி, தழும்பு, எல்லாம். அவர் அடித்திருந்தாலும் வாங்கியிருப்பேன்.

அவர் குனிந்து மண் மேட்டிலிருந்த ஒரு கட்டியை உதிர்த்துவிட்டார். பிறகு, "அண்ணனுக்கு நெத்தில தழும்பு கிடையாதுங்க. அங்க போன எடத்துல கல்லு பட்டிருக்கும்னு நாங்களே நெனச்சிக்கினோம்" என்றார்.

"நான்தான் பொய் சொன்னேன் ஐயா."

"நீங்க சொன்னது பொய்யாவே இருக்கட்டும். எங்கண்ணன் போயி திரும்பாதது பொய்யா? அந்தப் பொண்ணு என் மடியில தல வெச்சிகினு சித்தப்பா, சித்தப்பான்னுச்சே, அது பொய்யா? பொய்யினு இப்ப நானு யார்கிட்டப் போயி சொல்றது?" கல் வெட்டுகிறவர் உளியோடு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "பேரு சொல்லுங்க, போடணும்" என்றார். ஏழுமலை என் பக்கம் கையைக் காட்டினார். "ரைட்டரே சொல்லட்டும்."

இருபது வருஷத்துக்கு மேலாக மற்றவர் பெயரை எழுதிப் பிழைக்கிறவன் நான். அந்த ஒரு பெயரைச் சொல்ல எனக்கு மூச்சு வாங்கியது. "காத்தவராயன் மகள் சாராள்" என்றேன். அவர் வெட்டினார்.

அது மெய்யா என்று எனக்குத் தெரியாது, இனித் தெரியவும் போவதில்லை. இதைப் படிக்கும் துரைமார் என்னை வேலையிலிருந்து நீக்கினால் நீக்கட்டும். போய் வாருங்கள், சாராள் அம்மா. அங்கே உங்கள் நைனாவைப் பார்த்ததும் முதல் வேலையாக அவர் பெயரைக் கேளுங்கள். அவர் எந்தப் பெயரைச் சொன்னாலும், ஜன்னலில் இருந்தவன் மன்னிப்புக் கேட்டான் என்று அந்தப் பெயர் சொல்லிச் சொல்லுங்கள்.