மாமிக்கு ஜோலி இல்லை

பயந்து பயந்தே வேலை பார்த்தவன் நான். ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவனைத் தொழிலாளர் சர்வே ஆபீஸில் தற்காலிக அட்டெண்டராக வைத்திருந்ததே பெரிது. எத்தனை பேருக்கு வேலை இருக்கிறது, எத்தனை பேருக்கு இல்லை என்று அரசு சொல்கிற கணக்குக்கு எங்கள் ஆபீஸ் ஆட்கள்தான் வீடு வீடாகப் போக வேண்டும்.

மலையாளம் பேசும் அந்த ஊரில், வலியசாலைத் தெருவின் தமிழ் வீடுகள் வந்தபோது, ஃபீல்டுக்குப் போகும் ஷீபா மேடத்துக்குத் தமிழ் சரியாக வராது என்று என்னையும் கூட அனுப்பினார்கள். நான் கேட்பேன், அவர் டேப்லெட்டில் பதிவார்.

மேடத்தின் மலையாளக் கேள்வியில் 'ஜோலி' என்று இருந்தது. எங்கள் திருநெல்வேலிப் பக்கமும் சோலி என்றால் எந்த வேலையும்தான். அதனால் மாற்றாமலே கேட்டேன்.

கடைசி வீட்டில் ஒரு மாமி கைமுறுக்கு சுற்றிக்கொண்டே பதில் சொன்னார்.

"போன வாரம் ஏதாவது ஜோலி பார்த்தீங்களா மாமி?"

"எனக்கு ஏதுப்பா ஜோலி? ஆத்துக்காரர்தான் போயிண்டிருந்தார், ரிட்டயர் ஆயிட்டார். நான் ஆத்தோட இருக்கேன்."

மேடம் 92 போட்டார். வீட்டு வேலை மட்டும் செய்பவருக்கான கோட் அது. கிளம்பும்போது மாமி இரண்டு முறுக்கைக் காகிதத்தில் பொதிந்து கொடுத்தார்.

பஸ்ஸில் பிரித்தேன். காகிதம் ஏதோ கடையின் ஆர்டர் சீட்டு. 'வெள்ளிக்கிழமைக்குள் இருநூறு கைமுறுக்கு' என்று எழுதியிருந்தது.

கடித்த முறுக்கை மெல்லாமல் சீட்டைத் திரும்பப் படித்தேன். மாமி கடைக்குத்தான் சுற்றிக்கொண்டிருந்திருக்கிறார். மாமிக்கு ஜோலி என்றால் ஆபீஸ் உத்தியோகம்! அன்றைக்கு ஒன்பது வீட்டிலும் அந்த வார்த்தையைத்தான் கேட்டிருந்தேன். சாயங்காலம் எல்லாம் அப்லோட் ஆகிவிடும். சொன்னால் என் வேலை போகலாம். சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது. மாமிக்குக்கூடத் தெரியாது. அதை நினைத்தால்தான் என்னவோ செய்தது.

"எந்து பற்றி சேட்டா? வயறுவேதனையோ?" என்ன ஆச்சு, வயிறு வலிக்கிறதா என்று கேட்டார் மேடம்.

சீட்டை நீட்டி, சொல்லிவிட்டேன்.

"ஒம்பது வீடுமோ? என்றெ ஈஸ்வரா!" தலையில் கை வைத்தார். என்னைத் திட்டப்போகிறார் என்று குனிந்தேன். அவர் எழுந்து பெல் அடித்தார். "வா சேட்டா, இறங்ஙாம்."

முதலில் மாமி வீட்டுக்கே போனோம்.

"போன ஏழு நாள்ல விக்கிறதுக்கோ கூலிக்கோ ஒரு மணி நேரமாவது ஏதாவது செஞ்சீங்களா மாமி?"

"ஒரு மணி நேரமா! கார்த்தால ஒக்காந்தா மத்யானம் வரைக்கும் இடுப்பு நிமிர முடியலை. ஏண்டாப்பா, அப்போ என்னன்னு எழுதிண்டு போனேள்?"

"வேலை இல்லைன்னு..."

"நன்னாயிருக்கு! மாவுக் கையோடதானே ஒன் முன்னாடி ஒக்காந்திருந்தேன்?"

மன்னிப்புக் கேட்டேன். மேடம் 92ஐ அழித்து 11 போட்டார்.

மற்ற எட்டு வீட்டையும் முடிக்கப் பொழுது சாய்ந்துவிட்டது. என் வேலை போகவில்லை. ஆனால் அதற்குப் பிறகு எந்தத் தெருவுக்குப் போனாலும், அந்த வார்த்தைக்கு அங்கே என்ன அர்த்தம் என்று முதலில் விசாரிக்காமல் நான் வாய் திறந்ததில்லை. புதிதாக வருகிறவர்களுக்கும் இதைத்தான் சொல்கிறேன்.

அன்று அவர் வீட்டுப் படியிறங்கும்போது மாமி கூப்பிட்டார்.

"மாத்தி எழுதினதைப் படிச்சுக் காட்டு."

"சொந்தத் தொழில் செய்பவர்."

கையைப் புடவையில் துடைத்துக்கொண்டார்.

"இன்னொரு தரம் படி. மாமா காதுலயும் விழட்டும்."