எடைக்கல் பெட்டிக்குள் ஒளித்த வலிப்பு மாத்திரை

விசுவாசிகளே, நான் பனச்சமூடு சந்தையில் மரச்சீனிக் கிழங்கு விற்கிறவன். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னிடமிருந்து தப்பித்துக்கொண்டது. நான் சொல்ல, என் மனைவி ஸ்டெல்லா எழுதுகிறாள். இடையில் அவள் எதையாவது சேர்த்தால் நான் பொறுப்பில்லை.

கடந்த ஆனி மழையோடு எனக்கு ஆஸ்துமா முற்றியது. சாக்கோடு கிழங்கு தூக்கியவன் ஒரு கிழங்கை எடுக்கவே இளைத்தேன். நெய்யாற்றின்கரை டாக்டரம்மா இன்ஹேலரோடு ஸ்டீராய்டு மாத்திரையும் தந்தார். கேட்கவில்லை. அளவைக் கூட்டினார். அப்போதும் கேட்கவில்லை. அடுத்த மழையைப் பார்க்க மாட்டேன் என்றே நினைத்தேன்.

"சிலருக்குப் பிறவியிலேயே இந்த மருந்து பிடிக்காது. பாரம்பரியமாக்கும்" என்றார் டாக்டரம்மா. "அதப் பாக்கதுக்கு முன்ன சொல்லுங்க, வேற குளிகை, மாத்திரை வல்லதும் திங்கிறீங்களா?"

பக்கத்தில் ஸ்டெல்லா இருந்தாள்.

"ஒண்ணும் இல்ல டாக்டரே. இது எனக்க அப்பன் தந்ததாக்கும். வேற சொத்து ஒண்ணும் தரல்ல" என்றேன். இரண்டு பேரும் சிரித்தார்கள்.

பொய். எனக்குச் சின்ன வயதிலிருந்தே வலிப்பு உண்டு. எட்டு வருடம் முன்பு சபையில் எழுந்து, "கர்த்தர் சுகமாக்கினார், மாத்திரையை ஆற்றில் எறிந்துவிட்டேன்" என்று சாட்சி சொன்னேன். சபையே அழுதது. எறிந்தது உண்மைதான். நாலாம் நாள் கடைக்குள் வலிப்பு வந்து விழுந்தேன். பார்த்தது இரண்டு ஆடுகள் மட்டும். அன்றே வேறு மாத்திரை அட்டை வாங்கி எடைக்கல் பெட்டிக்குள் ஒளித்தேன். ஸ்டெல்லாவுக்கும் தெரியாமல் தினமும் விழுங்கினேன்.

ஒரு காலை கடையில் குந்தியிருந்து, "ஆண்டவரே, ஸ்டீராய்டு ஏன் எனக்குக் கேக்கல்லன்னு காட்டும்" என்று அழுதேன். ஆமென் சொல்லிவிட்டு, வழக்கம்போல வலிப்பு மாத்திரையை வாயில் போட்டேன். டாக்டரம்மா கேட்ட கேள்வி நெஞ்சில் வந்து நின்றது. பதில் கிடைத்துவிட்டது. அது எனக்குத்தான் பிடிக்கவில்லை.

வீட்டுக்குப் போய் அட்டையை நீட்டினேன்.

"இது ஆருக்க குளிகை?" என்றாள் ஸ்டெல்லா.

"எனக்க தான். எட்டு வருசமா."

"ஒமக்க வலிப்பு மாற நான் ஒரு வாரம் உபவாசம் இருந்தேனே மனுசா!" அட்டையைப் பிடுங்கித் தன் பைக்குள் போட்டாள். பிறகு, "சட்டைய மாத்தும். ஆஸ்பத்திரிக்குப் போவோம்" என்றாள்.

அட்டையைப் பார்த்ததும் டாக்டரம்மா தலையில் கை வைத்தார். "இந்த வலிப்புக் குளிகை ஸ்டீராய்டை உடம்புல நிக்க விடாது. வேகமா அழிச்சுக் களயும். பாவம், உங்க அப்பன்!"

நரம்பு டாக்டரைக் கேட்டு, கொஞ்சம் கொஞ்சமாக வேறு வலிப்பு மருந்துக்கு மாற்றினார்கள். சில வாரங்களில் அதே ஸ்டீராய்டு கேட்டது. பிறகு அதையும் அவர்களே குறைத்து நிறுத்தினார்கள். இப்போது இன்ஹேலர் மட்டும் போதும். சாக்கும் தூக்குகிறேன்.

சபையில் எழுந்து, பழைய சாட்சி பொய் என்றேன். ஒருவரும் அல்லேலூயா சொல்லவில்லை. ஆராதனை முடிந்ததும் ஒரு மூப்பர் என்னைத் தென்னை மரத்தடிக்கு இழுத்துப் போனார். பெயர் கேட்காதீர்கள்.

"மக்கா, எனக்க சுகர் மாறிப்போச்சுன்னு நானும் சாட்சி சொல்லியிருக்கேன். இப்போ காலுல புண்ணு ஆறல்ல" என்றார்.

"நாளைக்கே போவோம். நானும் கூட வாறேன்" என்றேன்.

ஜெபியுங்கள், ஆண்டவர் கேட்கிறார். மாத்திரை தின்பதால் அவருக்கு ஒரு குறைச்சலும் இல்லை. உங்களிடமும் ஒளித்து வைத்த அட்டை இருந்தால், எடுத்துக்கொண்டு பனச்சமூட்டுக்கு வாருங்கள். சேர்ந்தே பஸ் ஏறுவோம்.