அடிக்குழியில் ஒரு பிடி சேறு

லோதி ரோட்டில் நான் வேலை பார்த்த அலுவலகத்தில், கடல் பிராணிகளை ஸ்பிரிட்டில் போட்டு வைத்திருக்கும் அறை ஒன்று இருந்தது. டெல்லிக்கு ஏது கடல் என்று ஊரிலிருந்து வருகிறவர்கள் சிரிப்பார்கள். கப்பலில் போய் வலை இறக்கி எடுத்தவை, ஜாடிகளில் ரயிலேறி இங்கே வந்து சேர்ந்தன. நான் அங்கே அட்டெண்டர். ஐந்தாவது வரை படித்தவன். ஜாடிகளைத் துடைப்பதும், வெயில் காலத்தில் வற்றிப்போகும் ஸ்பிரிட்டை நிரப்புவதும் என் வேலை. யாருடனும் அதிகம் பேச வேண்டியதில்லை. அதனாலேயே அது எனக்குப் பிடித்திருந்தது.

அந்த அறைக்குப் பொறுப்பான மேடம் தமிழ்க் குடும்பத்தவர், டெல்லியிலேயே பிறந்தவர். என்னைவிட வயதில் சின்னவர், அதனால் அண்ணா என்பார். தமிழ் பேசுவார், படிக்க வராது. எனக்கோ இங்கிலீஷைப் பார்த்து எழுத மட்டும் வரும்.

தொண்ணூறுகளின் கடைசியில் அவர் ஆறு வருடமாக ஒரே பிராணியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். கடல் சாமந்தி என்பார்கள். அதிலும் இது வெளிச்சமே எட்டாத ஆழத்தில் வாழ்வது. பெயர்தான் பூ. மேலே இதழ் மாதிரி இருப்பவை இரை பிடிக்கும் விரல்கள். ஆறு ஆறாகப் பெருகும். நடுவில் ஒரே வாய். தின்பது அதன் வழியாகத்தான், கழிவு வெளியேறுவதும் அதன் வழியாகத்தான். எலும்பு கிடையாது. குறுக்கே நறுக்கினால் சாத்துக்குடி போலச் சுளைச் சுவர்கள் தெரியும். சில நடு வரை போகும், சில பாதியில் நின்றுவிடும். தொந்தரவு செய்தால் விரல்களை உள்ளே இழுத்துக்கொண்டு, சுருக்குப்பை மாதிரி மேல்விளிம்பை மூடிக்கொள்ளும். எனக்கு அதன்மேல் பிரியம் வந்ததற்கு இதுதான் காரணமாக இருக்கும். புதியவர் யாராவது அறைக்குள் வந்தால் நானும் அப்படித்தான்.

மேடத்தின் சுவரில் ஒரு கடல் படம் தொங்கியது. இந்தப் பிராணி கிடைத்த இடங்களிலெல்லாம் கறுப்பு மையில் புள்ளி. அரபிக்கடல் பக்கம் பல புள்ளிகள். வங்கக் கடல் பக்கம், அந்தமானுக்கு அருகே, ஒன்றே ஒன்று. அதையும் பென்சிலில்தான் வைத்திருந்தார். அந்த ஒன்று உறுதியானால்தான் இது இரண்டு கடலிலும் வாழ்கிறது என்று அவர் எழுத முடியும். அதற்குச் சாட்சி ஒரே ஒரு ஜாடி.

ஜூன் மாதம் அவர் இரண்டு வாரம் வெளியூர் போனார். ஜாடிகளுக்குள் கிடந்த பழைய சீட்டுகள் நைந்துவிட்டன, புதிய சீட்டுகளில் அப்படியே பார்த்து எழுதிப் போடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். எதால் எழுதுவது என்று அவர் சொல்லவில்லை. அந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு அது சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பழைய சீட்டுகள் பென்சிலில் இருந்ததைப் பார்த்து, அவசரத்தில் எழுதியிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். சர்க்கார் ஆபீசில் பென்சிலில் எழுதியதற்கு என்ன மதிப்பு? ஒரு நல்ல நீலப் பேனா வாங்கினேன். மேடத்தின் சாமந்தி ஜாடிகள் இரண்டிலிருந்துதான் தொடங்கினேன், ஒன்று அரபிக்கடலுடையது, மற்றது அந்தமானுடையது. படம் வரைவது போல ஒவ்வொரு எழுத்தாக எழுதி உள்ளே போட்டேன். பழைய சீட்டுகளைக் கூட்டிப் பெருக்கித் தள்ளிவிட்டேன்.

மறுநாள் காலையில் இரண்டு ஜாடிகளிலும் ஸ்பிரிட் வெளிர்நீலமாக இருந்தது. சீட்டுகள் வெள்ளைவெளேரென்று மிதந்தன.

ரெஜிஸ்டரில் இரண்டின் விவரமும் இருந்தது. எந்த ஜாடி எது என்பதுதான் போயிற்று. ஒரே பிராணி, ஒரே அளவு, ஒரே மாதிரி ஜாடி. பயத்தில் ஸ்பிரிட்டை மாற்றிவைத்தேன்.

மேடம் திரும்பி வந்து மூன்று நாள் நான் வாய் திறக்கவில்லை. சரோஜினி நகர் குவார்ட்டர்ஸில் என் மனைவி, நான் சோற்றை அளைந்துகொண்டிருப்பதைப் பார்த்து என்னவென்று கேட்டாள். சொன்னேன்.

"என்னைப் பொண்ணு பாக்க வந்தப்பவும் மூணு நாள் கழிச்சுத்தான் பதில் சொன்னீங்க," என்றாள். "நான் காத்துக்கிட்டு இருந்தேன். அந்த அம்மாவுக்குக் காத்திருக்கணும்னு என்ன தலையெழுத்தா?"

மறுநாள் காலை மேடத்தின் மேஜைமேல் இரண்டு ஜாடிகளையும் வைத்தேன். பேனாவையும் வைத்தேன். அவர் வெற்றுச் சீட்டைப் பார்த்தார், பேனாவைப் பார்த்தார். சுவரிலிருந்த பென்சில் புள்ளியை நெடுநேரம் பார்த்தார்.

"உடம்பைப் பாத்துப் பிரிக்க முடியாது அண்ணா," என்றார் மெதுவாக. "ரெண்டும் ஒண்ணுதான்னு நிரூபிக்கத்தானே ஆறு வருஷம்?"

அப்போது எனக்கு ஜாடியின் அடி ஞாபகம் வந்தது. எத்தனையோ தடவை கழுவியிருக்கிறேன். ஒன்றின் அடியில் எப்போதும் பச்சையாக ஒரு வண்டல் தங்கும். மற்றதில் பழுப்பு. எத்தனை முறை கழுவினாலும் மறுபடி வரும். அழுக்கு என்று நினைத்து அலுத்துக்கொண்டிருக்கிறேன். எப்படியோ அதைச் சொல்லிவிட்டேன்.

மேடம் ஒரு சாமந்தியைக் கவிழ்த்து ஊசியால் அடியை விலக்கினார். பாறையில் ஒட்டிக்கொள்ளும் இனம் அல்ல இது. சேற்றில் வாழ்வது. அதனால் அடித்தட்டைக் குழித்து, கையில் உருண்டை பிடிப்பது போல ஒரு பிடி சேற்றைப் பற்றிக்கொண்டு நிற்குமாம். செத்த பிறகும் இவை அதை விடவில்லை. நான் கழுவிக் கொட்டியது அதிலிருந்து கசிந்தது.

கீழ்த்தட்டில் அதே வலைகளில் வந்த சேறு புட்டிகளில் இருந்தது, நல்ல வேளையாகப் பென்சில் சீட்டுகளோடு. மேடம் இரண்டு சாமந்திகளின் சேற்றையும் இரண்டு புட்டிகளின் சேற்றையும் தனித்தனிக் கண்ணாடிச் சில்லுகளில் தடவி மைக்ராஸ்கோப்பில் வைத்தார். நிறம் மட்டும் போதாதாம், உள்ளே இருக்கும் பொடிச் சிப்பிகளும் ஒத்துப்போக வேண்டுமாம். மத்தியானச் சாப்பாட்டுக்குக்கூட எழுந்திருக்கவில்லை. நான் கதவருகிலேயே நின்றேன்.

மூன்று மணிக்குத் தலையைத் தூக்கினார். "அச்சா. பழுப்புதான் அந்தமான்," என்றார். பிறகு தன் பென்சிலை என்னிடம் நீட்டினார். நான் இரண்டு சீட்டுகளையும் எழுதினேன். அவர் பக்கத்தில் நின்று ஒவ்வொரு எழுத்தாகச் சரிபார்த்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டவில்லை.

"அந்தப் பேனாவை வீணாக்க வேண்டாம்," என்று சொல்லிக் கடல் படத்தைச் சுவரிலிருந்து இறக்கினார். "பென்சில் புள்ளி மேலேயே வையுங்க. நீங்கதான் வைக்கணும்."

மாட்டேன் என்று தலையை ஆட்டினேன். அவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். கடைசியில் வைத்தேன். பேனாவை அழுத்திவிட்டதால், மற்ற எல்லாப் புள்ளிகளும் கறுப்பாகச் சின்னதாக இருக்க, அந்தமான் பக்கத்தில் மட்டும் நீலத்தில் கொஞ்சம் பெரிதாக ஒன்று விழுந்துவிட்டது. அவர் அதைத் திருத்தவில்லை.