அட்டை காய்ந்திருந்தது

சூடான இரும்பில் எண்ணெய் சொட்டிக் கருகும் வாசனை. ஜெலுத்தோங் சாலையின் சிவப்பு விளக்கில் நிற்கும்போது யாருடைய மோட்டாரிலிருந்தாவது கிளம்பி வரும். கொஞ்சம் இனிப்பு, கொஞ்சம் காந்தல், அடிப்பிடித்த வெல்லப்பாகுபோல. உடனே குனிந்து என் எஞ்சினுக்கு அடியில் பார்க்கிறேன். ஒன்றுமில்லை. காய்ந்த தார், யாரோ துப்பிய சூயிங்கம். பச்சை விழுந்து, பின்னால் ஹாரன் அடிக்கிறார்கள், நான் இன்னும் குனிந்தே இருக்கிறேன்.

இந்த மோட்டார் என் கணவருடையதாக இருந்தது. இங்கே கப்சாய் என்பார்கள். காய்கறி, கேஸ் சிலிண்டர், மனைவி, எதை ஏற்றினாலும் முனகாமல் போகும் சின்ன மோட்டார். தினமும் காலையில் இதை ஃபெரியில் ஏற்றி, எங்கள் தீவிலிருந்து அக்கரைக்குப் போவார். மாக் மண்டினில் ஓர் இரும்புத் தொழிற்சாலையில் அவருக்கு வேலை. சாயங்காலம் திரும்பும்போது கண்ணாடியில் உப்புப் படிந்திருக்கும். நான் விரலால் அதில் ஏதாவது எழுதுவேன். அவர் படிக்காமலே துடைத்துவிடுவார்.

போன மழைக்காலத்தில் எங்கள் தெருவுக்குள் ஆற்று வெள்ளம் வந்து போனது. அதற்குப் பிறகுதான் ஒழுக ஆரம்பித்தது. முதலில் முற்றத்துத் தரை ஓட்டில் மிளகு அளவு ஒரு புள்ளி. பிறகு ஒரு நாணயம். பிறகு அவர் பிஸ்கட் பெட்டி ஒன்றைப் பிரித்து, அட்டையை எஞ்சினுக்கு அடியில் தள்ளி வைத்தார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஓர் அட்டை எப்போதும் இருந்தது. ஊறிப்போனால் மாற்றுவோம். கடைக்குப் போனால் நான் கேட்காமலே கடைக்கார அக்கா ஒரு காலிப் பெட்டியை எடுத்து நீட்டுவாள்.

ஃபெரியில் மோட்டார்களை நெருக்கி நிறுத்துவார்கள். ஒருநாள் பக்கத்தில் நின்ற பெண், ஃபேக்டரிச் சட்டை போட்டவள், கீழே பார்த்துவிட்டுச் சொன்னாளாம்:

"அண்ணே, கொழந்தைக்குக் கட்டற மாதிரி இதுக்கும் ஒரு லாம்பின் கட்டி விடுங்க லா. என் சப்பாத்தெல்லாம் நனைஞ்சு போச்சு."

வீட்டுக்கு வந்து இதைச் சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன். எங்களுக்குக் குழந்தை இல்லை. சிரிப்பு முடிந்த இடத்தில் இரண்டு பேரும் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தோம்.

அந்த மாதிரி ஒரு சாப்பாட்டு வேளையில்தான் அவர் அதைச் சொன்னார்.

"உன்கூட உக்காந்திருக்கறப்பதான் நான் ரொம்பத் தனியா இருக்கேன்."

கோபமாகச் சொல்லவில்லை. ரசத்தில் உப்புக் குறைவு என்பதுபோலச் சொன்னார்.

"நீ இங்கதான் இருக்க. ஆனா எங்கயோ போயிட்டே இருக்க. பேசினா காதுல விழறதுக்கே ஒரு நிமிஷம் ஆவுது."

"நீங்க மட்டும் என்னவாம்? வீட்டுக்கு வந்தா மோட்டருக்கடியில போய்ப் படுத்துக்கறீங்க."

"அது ஒழுகுது. பாக்க வேண்டாமா?"

அவர் சொன்னது பொய்யில்லை. என் மனம் ஓரிடத்தில் நிற்காது. கிளினிக்கில் கவுண்டரில் உட்கார்ந்து நோயாளிகளின் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டே கடலுக்கு அந்தப் பக்கம் எங்கோ திரிந்துகொண்டிருப்பேன். எழுத வார்த்தைகள் வந்தால் வீட்டில் அடுப்பு எரிவது மறந்துபோகும். அவர் பேசுவதைக் குறைத்தார். அது குறைந்ததை நான் கவனிக்கவில்லை. கவனித்தபோது அவரிடம் பேச்சே மிச்சமில்லை, என்னிடம் கேட்கவும் துணிவில்லை. இரண்டு பேருமே வாயை மூடிக்கொண்டு, சண்டை போடாத நல்ல தம்பதி என்று பெயர் வாங்கினோம்.

ஜோகூரில் அவருடைய அண்ணன் இருக்கிறார். அங்கே போய்த் தங்கி, சிங்கப்பூருக்கு வேலைக்குப் போவதாக முடிவு செய்தார். வக்கீல் ஆபீசில் இருவரும் விவாகரத்துத் தாளில் கையெழுத்துப் போட்டோம். வெளியே வந்து ஒரே மோட்டாரில் ஏறி வீட்டுக்கு வந்தோம். வேறு எப்படி வருவது? வழியில் மழை தூறியது. வழக்கம்போல அவர் முதுகில் முகத்தை ஒட்டிக்கொண்டேன். வண்டி நிற்கும்வரை அது தப்பு என்று எனக்குத் தோன்றவில்லை.

மோட்டார் எனக்கு என்று அவரே சொன்னார். ஆனால் ஒழுகும் மோட்டாரைக் கொடுக்க மாட்டாராம்.

"மின்யாக் ஈத்தாம் வத்திருச்சுன்னா எஞ்சின் ஜாமாயிரும். ஓடிட்டு இருக்கறப்பவே பின்டயர் பூட்டிக்கும். கடல் பாலத்துல போறப்ப அப்பிடி ஆச்சுன்னா?"

"நான் எதுக்குப் பாலத்துக்குப் போறேன்?"

"நீ போவ. எனக்குத் தெரியும். ஒருநாள் சும்மா கிளம்பிப் போவ." கையைத் துடைத்துக்கொண்டார். "இத நிறுத்திட்டுத்தான் நான் கிளம்புவேன்."

அப்படித்தான் அந்த மின்யாக் ஈத்தாம், அந்தக் கறுப்பு எஞ்சின் எண்ணெய், எங்களுக்கு நடுவே தவணை சொல்ல ஆரம்பித்தது. தினமும் விடிந்ததும் நான் முதலில் போய்ப் பார்ப்பது அட்டையைத்தான். புதுப் புள்ளி இருக்கும். கறுப்பாக, விளிம்பில் பழுப்பு ஓடி, பெயர் தெரியாத தீவு மாதிரி. அதைப் பார்த்துவிட்டுப் போய் நிம்மதியாகக் காப்பி போடுவேன். இரண்டு கோப்பை.

அவர் விடாமல் பார்த்தார். அடியில் எண்ணெய் வடிக்கும் திருகுக்கு வாஷர் மாற்றினார். கியர் மிதிக்கும் இடத்து ரப்பர் சீலை மாற்றினார். மூடியைக் கழற்றிக் கேஸ்கெட் மாற்றினார். ஒவ்வொரு தடவையும் கொஞ்ச நாள் அடங்கும். நான் சோறு இறங்காமல் கிடப்பேன். பிறகு ஒரு காலை, அட்டையில் புள்ளி. ஒர்க்‌ஷாப்பில் காட்டியபோது கடை முதலாளி, சீனத் தவுக்கே, எட்டிக்கூடப் பார்க்கவில்லையாம். "மோட்டர் பழசு, மாத்திக்கோ" என்று மலாயில் சொல்லிவிட்டுத் தேநீர் குடிக்கப் போய்விட்டாராம்.

"பழசானா மாத்தணுமாம்," என்றார் வீட்டுக்கு வந்து.

"பொண்டாட்டி பழசானா?"

ஸ்பானரைக் கீழே வைத்தார். "பழசானது நீ இல்லம்மா." பின்னே எது என்று நான், எப்போதும்போல, கேட்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். பக்கத்து வீட்டில் கருவாடு பொரிக்கிறார்கள், வானொலியில் யாரோ ராசிபலன் சொல்கிறார். அவர் எஞ்சினை மண்ணெண்ணெய் ஊற்றிக் கழுவி, துடைத்து, காயவிட்டு, "உன் பவுடர் டப்பாவக் குடு," என்றார்.

"மூஞ்சிக்குப் போடறதா?"

"இதுக்கும் மூஞ்சிதான்."

என் பவுடரை எஞ்சின் முழுக்கத் தூவினார். வெள்ளையடித்ததுபோல ஆகிவிட்டது. இப்போது ஓடவிட்டால் எண்ணெய் எங்கே கசிகிறதோ அங்கே பவுடர் நனைந்து காட்டிக்கொடுக்கும். உதைத்து ஓடவிட்டார். தரையில் மல்லாந்து படுத்தார். நான் குந்தி உட்கார்ந்து கைப்பேசி வெளிச்சத்தைப் பிடித்தேன். என் முகத்தின் வாசனையும் எரியும் எண்ணெயின் வாசனையும் கலந்து வந்தது.

"என்னது இது," என்றார். "அங்கயும் ஈரமாவுது. இங்கயும். மாத்தின சீல்லயே திரும்ப வருது."

"நல்லாப் பாருங்க."

"பாத்துட்டுத்தானே இருக்கேன். நீ வெளிச்சத்த ஆட்டாம பிடி."

வெளிச்சத்தை ஆட்டினேன் போலிருக்கிறது. அது நழுவி எஞ்சினுக்குப் பின்னால் போய் விழுந்தது. அங்கே கீழே தொங்கும் ஒரு மெல்லிய ரப்பர் குழாய். அதன் நுனியில் ஏதோ திணித்திருந்தது. கருத்துப்போன துணி. மடிப்பின் உள்ளே மட்டும் நகக்கண் அளவு மஞ்சள். அதில் பாதிப் பூ.

என் பழைய பாத்தேக் கைலி.

வெள்ளம் வந்த அந்தச் சாயங்காலம் தண்ணீர் முழங்கால்வரை ஏறிவிட்டது. மோட்டாரை மேட்டுக்குத் தள்ளிப் போக வேண்டும். புகைக் குழாயையும் இந்தக் குழாயையும் அடைக்காவிட்டால் தண்ணீர் உள்ளே போய்விடும் என்று அவர் கத்தினார். துணிக்கு எங்கே போவது? கட்டியிருந்த கைலியின் ஓரத்தைப் பல்லால் கடித்துக் கிழித்துக் கொடுத்தேன். "இன்னும் கொஞ்சம்," என்றார். "இன்னும் கிழிச்சா தெருவே பாக்கும்," என்றேன். நாங்கள் அவ்வளவு சிரித்ததில்லை. தொப்பலாக நனைந்து, ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தள்ளிக்கொண்டு போனோம். எதிர்வீட்டு அண்ணன் சன்னலிலிருந்து, "தேர் இழுக்கறீங்களா?" என்று கேட்டார். தண்ணீர் வடிந்ததும் புகைக் குழாய்த் துணியை எடுத்தோம். இதை மறந்துவிட்டோம்.

அவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு அந்த இடம் தெரியவில்லை. நான் வெளிச்சத்தைத் திருப்பிவிட்டால் போதும். நாளைக்கு அட்டையில் புள்ளி இருக்கும். காப்பி இரண்டு கோப்பை. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. ராசிபலன்காரர் எந்த ராசிக்கோ பிரயாண யோகம் என்றார்.

பாலம் ஞாபகம் வந்தது. நான் சும்மா கிளம்பிப் போவேன் என்று அவருக்குத் தெரிந்திருந்ததும்.

"அந்தக் குழாய் நுனியில துணி இருக்குங்க," என்றேன்.

"எந்தக் குழாய்?"

வெளிச்சத்தைக் காட்டினேன். எஞ்சினை அணைத்தார். பிளையரால் பிடித்து இழுத்தார். எளிதில் வரவில்லை, வெல்லம்போல் இறுகியிருந்தது. வந்ததும் குழாய் புஸ்ஸென்று ஒரு மூச்சு விட்டது. அவர் எழுந்து உட்கார்ந்தார். நெற்றியில் பவுடர்.

"எஞ்சின் மூச்சு விடற குழாய் இது. இத அடைச்சு வெச்சுக்கிட்டு எத்தன சீல் மாத்தினாலும் நிக்குமா? உள்ள அழுத்தம் ஏறி, எங்கெங்க வழி கெடைக்குதோ அங்கெல்லாம் ஒழுகியிருக்கு." துணியைத் திருப்பிப் பார்த்தார். மஞ்சள் அவர் கண்ணிலும் பட்டது.

"நாமதான் அடைச்சோம்," என்றேன்.

"ஆமா. நாம ரெண்டு பேரும்தான்."

அந்தத் துணியைக் கை துடைக்கும் கந்தல்களோடு போட்டார். மறுநாள் தேடினேன். கந்தல்கள் இருந்தன. அது இல்லை.

அட்டை காய்ந்திருந்தது. அதற்கடுத்த நாளும். மண்டியிட்டு விரலால் தடவிப் பார்த்தேன். பிஸ்கட் கம்பெனியின் கோழிப்படம் சுத்தமாக என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஒரு சொட்டு விழாதா என்று ஓர் எஞ்சினிடம் யாராவது கெஞ்சியிருப்பார்களா தெரியாது. நான் கெஞ்சினேன்.

கிளம்பும் நாள் காலையில் அவர் பாசாருக்குப் போய் எலுமிச்சம்பழம் வாங்கி வந்தார். முன்சக்கரத்துக்கு அடியில் ஒன்று, பின்சக்கரத்துக்கு அடியில் ஒன்று வைத்தார். ஹேண்டிலில் குங்குமப் பொட்டு வைத்தார்.

"புது மோட்டருக்குத்தானே இதெல்லாம்?"

"உனக்கு இது புதுசுதானே. ஏறு."

ஏறினேன். அவர் பின்னால் உட்கார்ந்தார், மடியில் பையோடு. அத்தனை வருடத்தில் அவர் பின்னால் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. பழங்கள் நசுங்கும் சத்தம் கேட்டது. படகுத்துறைவரை அவர் கை என் தோளில் இருந்தது. எங்கே திரும்பவேண்டும், எங்கே பிரேக் பிடிக்கவேண்டும் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்குத்தான் யாராவது சொன்னால் தேவலை என்றிருந்தது.

அக்கரையில் அவருக்குப் பஸ். நானும் ஃபெரியில் வருகிறேன் என்றதற்குத் தலையசைத்து மறுத்துவிட்டார். ஆட்கள் ஏறும் வாசலில் நிறுத்தினேன். இறங்கி, பையைத் தோளில் மாட்டினார். இரண்டடி போனார். திரும்பி வந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. குந்தி உட்கார்ந்து, எஞ்சினுக்கு அடியில் கையைவிட்டுத் தடவி, விரலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். சுத்தமாக இருந்தது.

"சொட்டல," என்றார். "இனிமே அந்த அட்டையத் தூக்கிப் போட்டுரு."

"இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டுங்க."